பொறி வராத பேட்டரிகள்

அந்தோணிசாமியின் வலது கையில் மணிக்கட்டைத் தாண்டிக் கட்டுப் போட்டிருந்தது. இடது கையால் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு, கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வீட்ல இருக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"வீட்ல இருந்தா அவ இடது கைக்கு வேல வெக்கிறா மேடம். இங்க வந்தா ரெண்டு கைக்கும் ஓய்வு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடிக்கத் தெம்பில்லை. அவர் பக்கத்திலிருந்த சிமென்ட் கட்டையில் உட்கார்ந்தேன்.

இந்தக் கொட்டகை செம்மங்குப்பம் ரசாயனப் பேட்டையின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. மின்சார ஆட்டோக்களில் ஓடி ஓய்ந்த லித்தியம் பேட்டரிகள் இங்கே வருகின்றன. அந்தோணிசாமியும் இன்னும் இரண்டு பேரும் அவற்றைத் திறந்து, உள்ளே வரிசையாக இருக்கும் செல்களைத் தனித்தனியாக எடுக்கிறார்கள். தெம்புள்ள செல்கள் கடைகளின் இன்வெர்ட்டருக்கோ தெருவிளக்குக்கோ போகும். மற்றவை வெளி மாநிலத்தில் ஓர் ஆலைக்குப் போய்ப் பொடியாகி, அந்தப் பொடியிலிருந்து உலோகங்கள் பிரிக்கப்படும். இந்தப் பாதையைத் திட்டமிடுவதுதான் என் வேலை. எந்தக் கடை சேகரிப்பது, எந்த வண்டி எத்தனை நாளைக்கு ஒரு தடவை போவது, எந்த இடத்தில் திறப்பது. பதினோரு மாதமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் நெல்லிக்குப்பத்தில் வளர்ந்தவள். கரும்பு வண்டிகளைப் பார்த்தே இதைக் கற்றேன் என்றுகூடச் சொல்லலாம். ஒரு வண்டி கரும்பில் பத்தில் ஒரு பங்குதான் சர்க்கரை. மிச்சமெல்லாம் சக்கையும் தண்ணீரும். அதனால்தான் ஆலையை வயலுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். சர்க்கரையை எவ்வளவு தூரமும் அனுப்பலாம், கரும்பை அனுப்ப முடியாது. பேட்டரியும் கிட்டத்தட்ட அப்படித்தான். இரும்புப் பெட்டி, செம்புக் கம்பி, பிசின் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறோம். வேண்டியது உள்ளே இருக்கும் செல் மட்டும். ஆகவே ஆட்டோக்கள் அதிகமாக ஓடும் சிதம்பரத்திலேயே ஒரு திறப்பறை வைத்திருக்கலாம். ஆனால் உரிமம் செம்மங்குப்பத்தில் ஏற்கெனவே இருந்தது. சிதம்பரத்தில் புதிதாக வாங்க ஒன்றரை வருடம் ஆகும். எனவே சிதம்பரத்தில் பதினொரு மெக்கானிக் கடைகள் சேகரிக்கும், செம்மங்குப்பத்தில் திறப்போம் என்று முடிவு செய்தேன்.

வண்டிக் கணக்கை ஒரு சின்ன ஏற்பாடு காப்பாற்றியது. கடைக்காரர் ஒவ்வொரு பேட்டரியையும் சோதித்து, உயிருள்ளதா செத்ததா என்று படிவத்தில் ஒரு கட்டத்தில் குறிப்பார். செத்ததன் மேல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். உயிருள்ளதைத் தனித்தனிப் பெட்டியில், உலர்ந்த மணலுக்குள் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். சின்ன லாரியில் எட்டுதான் கொள்ளும். செத்ததை மூன்றடுக்காக அடுக்கித் தார்ப்பாய் போட்டால் நாற்பது கொள்ளும். வந்தவற்றில் மூன்றில் இரண்டு செத்தவை. அந்த மூன்றில் இரண்டின் மேல்தான் என் திட்டம் நின்றது.

செவ்வாய்க்கிழமை, நாற்பது பேட்டரி வந்த லோடில் முதல் பேட்டரியை அந்தோணிசாமி திறந்தார். மேலே பெருக்கல் குறி இருந்தது. செத்த பேட்டரிக்குத் தடித்த ரப்பர் கையுறை வேண்டாம், சாதாரண ஸ்பேனர் போதும் என்பது நான் எழுதிக் கொடுத்த விதி. ஸ்பேனர் இரண்டு செம்புப் பட்டைகளுக்கு நடுவே பட்டது. ஒரு வெளிச்சம், ஒரு சத்தம். ஸ்பேனரின் முனை உருகிச் சொட்டியது. உள்ளங்கையும் மூன்று விரல்களும் வெந்துபோயின.

"செத்ததுன்னு எழுதியிருந்துது மேடம்" என்றார் அந்தோணிசாமி இப்போது. அதில் குற்றச்சாட்டு இல்லை. அவருக்கே அது புரியாத கணக்காக இருந்தது. "உள்ள அம்பது வோல்ட்டு இருந்திருக்கு. எழுதுனவன் யாரு?"

"கண்ணாயிரம் கடையிலருந்து வந்தது."

"கண்ணு ஆயிரம் வேணாம். ஒண்ணு இருந்திருந்தா போதும்."

பையில் போன் அதிர்ந்தது. சென்னையிலிருந்து என் மேலாளர் பாலகுமார். வியாழக்கிழமை கடலூரில் திட்டக் குழு கூடுகிறது. விபத்தைப் பற்றி அறிக்கையில் ஒரு பத்தி வேண்டும் என்றார்.

"சேகரிப்பாளர் தவறுன்னு ஒரே வரி போதும் மாலதி. கடைங்கள எடுத்துடுவோம். எல்லாத்தையும் ஒரு கான்ட்ராக்டர் பாத்துக்கட்டும். குழுவுக்கும் அதான் இஷ்டம்."

"அவரு எப்படிச் சோதிச்சாருன்னு நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"கேட்டா கை சரியாயிடுமா?" பாலகுமார் கெட்டவர் அல்ல. அவரும் களைத்திருந்தார்.

கடைகளை எடுத்தால் முதலில் போவது கண்ணாயிரத்தின் கடைதான். திட்டத்தில் முதலில் சேர்ந்தவர் அவர். பழைய ஈய பேட்டரி வாங்கி விற்பதை நிறுத்தி, கடையில் பாதியை எங்களுக்கு ஒதுக்கினார். மற்றப் பத்துக் கடைகளையும் பேசிப் பேசிக் கூட்டி வந்ததும் அவர்தான். இப்போது நாங்கள் விலகினால், விட்ட வியாபாரம் திரும்பி வராது. அதற்குள் அந்த வாடிக்கையை வேறு ஆட்கள் பிடித்துவிட்டார்கள்.

மீட்டரையும் கையுறையையும் பையில் போட்டுக்கொண்டு, சாலைக்கு வந்து சிதம்பரம் பேருந்துக்குக் கைகாட்டினேன். நிற்கத்தான் இடம் இருந்தது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், வெள்ளாற்றுப் பாலம். கம்பியைப் பிடித்தபடியே கொஞ்சம் தூங்கினேன் என்று நினைக்கிறேன்.

கண்ணாயிரத்தின் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான இடம். ஐம்பது வயதைத் தாண்டியவர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டுக் கம்பி வைத்திருப்பார். வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. ஆறு பேட்டரிகளை இரண்டிரண்டாக அடுக்கி மேலே பலகை போட்டது. ஆட்டோக்காரர்கள் அதில் உட்கார்ந்துதான் டீ குடிப்பார்கள். நானும் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன்.

"வாங்க மேடம். சேதி வந்துது" என்றார் கண்ணாயிரம். "அந்த மனுசனுக்கு எப்படி இருக்கு?"

"கை வெந்திருக்கு."

"எந்தக் கை?"

"வலது."

அவர் துணியில் கையைத் துடைப்பதை நிறுத்தினார். பிறகு, "என் கடைலேந்து போனதா இருக்காது. நான் ஒண்ணுக்கு ரெண்டா பாத்துதான் குறி போடுவேன்" என்றார்.

"எப்படிப் பாப்பீங்கன்னு காட்டுங்க."

இளவரசு என்ற ஆட்டோக்காரர் பேட்டரி மாற்ற வந்து நின்றிருந்தார். பழசு ஒரே சார்ஜில் முன்போல் ஓடுவதில்லை என்று புதுசு போடுகிறார். இருவரும் பழைய பேட்டரியைத் தூக்கி இறக்கினார்கள். ஐம்பது கிலோ இருக்கும். கண்ணாயிரம் பையிலிருந்து கம்பியை எடுத்தார். ஒரு முனையை ஒரு முனையத்தில் அழுத்திப் பிடித்து, மறு முனையால் எதிர் முனையத்தை ஒரு கணம் தொட்டு எடுத்தார். சடக்கென்று நீலமாக ஒரு பொறி.

"உசுரு இருக்கு" என்றேன்.

"அவசரப்படாதீங்க." மறுபடி தொட்டார். ஒன்றும் வரவில்லை. மூன்றாம் தடவையும் இல்லை. சாக்பீஸை எடுத்துப் பெருக்கல் குறி போட்டார். "மொத தொட்டு பொய் சொல்லும். ரெண்டாவதுதான் நெசம்."

"மாமா, இப்பதான் இத வெச்சு ரயிலடிலேந்து ஓட்டிக்கினு வந்தேன்" என்றார் இளவரசு.

"ஓடும்டா. மேல் சார்ஜில ஓடியிருக்கும்."

"மூணு பேர ஏத்திக்கினு வந்தேன் மாமா."

"எறங்கிட்டாங்கள்ல? விடு."

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. பலகையில் உட்காரப்போனவள் உட்காரவில்லை.

கண்ணாயிரம் செய்தது அறியாமை அல்ல. ஈய பேட்டரியில் அது மிகச் சரியான சோதனை. ஈயத் தகடுகளுக்கும் வெளி முனையத்துக்கும் நடுவே எதுவும் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறதோ அது வெளியே வரும். ஆனால் செத்துக்கொண்டிருக்கும் ஈய பேட்டரியிலும் தகட்டின் மேற்பரப்பில் கொஞ்சம் சார்ஜ் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் தொடுகையில் அது பொறியாகப் போய்விடும். அதனால் அரைகுறை மெக்கானிக் ஒரு தடவை தொட்டுவிட்டு நல்லது என்பான். கவனமான மெக்கானிக் இரண்டாவது தொடுகையைத்தான் நம்புவார்.

லித்தியம் பேட்டரியில் உள்ளே ஒரு சின்ன மின்பலகை காவல் இருக்கிறது. பி.எம்.எஸ். என்பார்கள். ஒரு செல் அதிகமாகச் சூடானாலோ, அளவுக்குக் கீழே இறங்கினாலோ, யாராவது இரண்டு முனையத்தையும் கம்பியால் இணைத்தாலோ, அது வாசலை மூடிவிடும். கண்ணாயிரத்தின் முதல் தொடுகையே அந்தக் காவலை உசுப்பிவிடுகிறது. அது கதவைச் சாத்துகிறது. இரண்டாவது தொடுகைக்குப் பொறி எப்படி வரும்? உள்ளே தாழ் போட்ட வீட்டைத் தட்டிப் பார்த்து ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறார். தாழ் போட வைத்ததும் அவர் தட்டிய தட்டுத்தான்.

பதினொரு கடைகளில் இவர் கடையில்தான் செத்தவை அதிகம். போன கூட்டத்தில் நான் அதைக் காட்டி, எவ்வளவு கவனமாகப் பிரிக்கிறார் பாருங்கள் என்று பாராட்டியிருந்தேன்.

"இளவரசு, சார்ஜர் இருக்கா?" என்றேன். கொண்டுவந்தார். அரை நிமிடம் பழைய பேட்டரியில் செருகச் சொன்னேன். காவல் சார்ஜரைக் கண்டால் சில சமயம் கதவைத் திறக்கும். பிறகு முனையத்தில் மீட்டரை வைத்தேன். ஐம்பத்திரண்டு புள்ளி மூன்று.

கண்ணாயிரம் மீட்டரைப் பார்த்தார், பெருக்கல் குறியைப் பார்த்தார். எழுந்துபோய் பெஞ்சின் பலகையைத் தூக்கினார். அடியில் இருந்த ஆறும் அவர் குறி போட்டவை. இடம் போதாமல், அடுத்த லோடுக்கு வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் சார்ஜரைக் கொடுத்தோம். நான்கு விழித்தன. இரண்டு விழிக்கவில்லை.

"இந்த ரெண்டு செத்ததுதான்" என்றார். குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது.

தடித்த கையுறையைப் போட்டு, ரப்பர் பிடி போட்ட திருப்புளியால் அதில் ஒன்றின் மூடியைக் கழற்றினேன். உள்ளே செல் வரிசையின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தேன். நாற்பத்தொன்பது. மற்றதைத் திறக்கவில்லை. வேண்டியிருக்கவில்லை. வெளியே நின்று பொறியால் பார்த்தாலும் மீட்டரால் பார்த்தாலும் உள்ளே இருப்பது தெரியாது. திறந்தால்தான் தெரியும். திறக்க இந்தக் கடைக்கு அனுமதி இல்லை.

"அப்போ இத்தினி நாளா எது மேல குந்திக்கினு டீ குடிச்சோம்?" என்றார் இளவரசு.

கண்ணாயிரம் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என் பேர எழுதப் போறீங்களா?"

"நடந்தத எழுதணும். ஒருத்தரு கை வெந்திருக்கு."

"எழுதுங்க. ஆனா ஒண்ணு. செத்ததா இருக்கான்னு கேட்டு ஃபாரம் குடுத்தது நீங்க. எனக்குத் தெரிஞ்ச வழில பாத்துச் சொன்னேன். நீங்க வந்து பெஞ்சில குந்தி, டீ குடிச்சிட்டு, ஃபாரத்த எடுத்துக்கினு போவீங்க. எப்படிப் பாக்குறன்னு ஒருநாள் கேட்டிருந்தா இந்தக் கம்பிய அன்னிக்கே காட்டியிருப்பேன்ல? நான் என்னா ஒளிச்சா வெச்சேன்?"

கத்தவில்லை. காவல் பலகையைப் பற்றி எனக்குத் தெரியும். பயிற்சி வகுப்பில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அந்தக் கட்டத்தைப் படிவத்தில் வரைந்தபோது கண்ணாயிரத்தின் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பேட்டரியைப் பார்த்து உயிரா சாவா என்று சொல்லிவிட முடியும் என்று நம்பியது நான்தான்.

ஆறு பேட்டரியையும் அரை ஆள் இடைவெளி விட்டுத் தரையில் பரப்பினோம். முனையங்களைக் கறுப்பு டேப்பால் மூடினோம். அதற்குள் இரண்டு ஆட்டோக்காரர்கள் வந்து, உட்கார இடம் தேடி, நின்றபடியே டீ குடித்தார்கள். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் இளவரசு மட்டும் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கதையில் பெஞ்சு ஒவ்வொரு தடவையும் பெரிதானது.

நான் சுவரில் சாய்ந்து நின்று கணக்கைத் திரும்பப் போட்டேன். அந்தக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும். வரும் பேட்டரி எல்லாம் உயிருள்ளது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் லோடுக்கு நாற்பது இல்லை, எட்டு. ஒரு தடவை போன லாரி ஐந்து தடவை போக வேண்டும். பதினோரு மாதம் கட்டியது ஒரு மதியத்தில் சரிந்தது.

ஆனால் கணக்கு அங்கே நிற்கவில்லை. பேட்டரியைச் சிதம்பரத்திலேயே திறந்து, சார்ஜை முழுக்க இறக்கி, செல்களை உறையிட்டு அனுப்பினால் மணல் பெட்டி வேண்டாம். அப்போது ஐந்து நடை மறுபடி ஒன்றாகிறது. செத்தவை என்று நம்பியவரை சிதம்பரத்தில் திறப்பறை வைப்பதில் லாபம் இல்லை. எல்லாமே உயிருள்ளவை என்றால், கரும்பு வயலுக்குப் பக்கத்தில் ஆலை இருந்தாக வேண்டும். கண்ணாயிரத்தின் தவறுதான், திறக்கும் இடம் அவர் ஊரிலேயே வேண்டும் என்று காட்டியது. வேறொரு நாளாக இருந்தால் இதைக் கண்டுபிடித்ததற்கு நான் துள்ளியிருப்பேன். அன்றைக்குப் பேனா மூடியைத் தேடிக் கண்டுபிடித்து மூடினேன்.

அறிக்கையைப் படித்துவிட்டுப் பாலகுமார் கூப்பிட்டார். "படிவம் வடிவமைத்ததில் தவறுன்னு எழுதியிருக்கீங்க. அது நீங்கதானே?"

"ஆமா."

"உங்க தப்ப நீங்களே எழுதிக் குடுக்கறீங்க."

"வேற மாதிரி எழுதினா அத ஞாபகம் வெச்சுக்கினே இருக்கணும் சார். என்னால முடியல."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. ஆனால் பத்தியை மாற்றவில்லை.

வியாழக்கிழமைக் குழு இரண்டு மணி நேரம் பேசியது. கான்ட்ராக்டர் எப்படிச் சோதிப்பார் என்று நான் கேட்டபோது, அவரும் வெளியே மீட்டர் வைத்துத்தான் என்று பதில் வந்தது. அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. முடிவில் கடைகளை எடுக்கவில்லை. ஆறு மாதம் பார்ப்பது. அதற்குள் கடைக்காரர்களில் ஒருவராவது செம்மங்குப்பத்தில் திறந்து அளக்கக் கற்றுத் தேற வேண்டும். தேறினால் சிதம்பரத்துத் திறப்பறைக்கு விண்ணப்பம் போகும். இல்லையென்றால் கான்ட்ராக்டர். அதுவரை கடைகளில் வாங்கி, டேப் ஒட்டி, மணலில் வைப்பது மட்டும். கம்பி கூடாது.

கண்ணாயிரத்துக்குப் போனில் சொன்னேன்.

"அந்த மனுசன்கிட்டயா வந்து கத்துக்கணும்?"

"அவருதான் அங்க மேஸ்திரி."

"திட்டுவாரா?"

"தெரியல."

"திட்டட்டும்" என்றார்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்கால் பேருந்தில் வந்து இறங்கினார். துவைத்த சட்டை, சாப்பாட்டுக் கூடை. அந்தோணிசாமி அதே நாற்காலியில் இருந்தார். கண்ணாயிரம் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"நீங்கதான் ரெண்டாந்தொட்டு கண்ணாயிரமா?"

"ஆமாங்க."

"மொதல்ல பாக்கெட்ல இருக்கற இரும்பெல்லாம் எடுத்துத் தட்டுல வையுங்க. சாவி, காசு, எல்லாம்."

கண்ணாயிரம் சாவியை வைத்தார். சில்லறையை வைத்தார். கடைசியாகக் கம்பியை வைத்தார். இரண்டு முனையும் கறுத்து, நடுவில் கை பட்டுப் பட்டு வழவழப்பாக இருந்தது. அந்தோணிசாமி அதை இடது கையால் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதானா அது?"

"இதான்." பிறகு, கேட்டுவிட வேண்டும் என்பதுபோல, "சோறெல்லாம் எப்படி?" என்றார்.

"அவ ஊட்டிவிடறா. கல்யாணமாயி பத்தொம்பது வருஷத்துல மொத தடவ. மொளகா ஜாஸ்தி போட்டு ஊட்டறா, அதான் கஷ்டம்." கம்பியைத் தட்டில் போட்டார். "கையுறையப் போடுங்க. அதுல ஓட்ட இருக்கான்னு ஊதிப் பாத்துட்டுப் போடுங்க. ரெண்டு கைக்கும்."

போன லோடில் மிச்சமிருந்த முப்பத்தொன்பது பேட்டரிகளும் முற்றத்து மணலில் இடைவெளி விட்டுக் கிடந்தன. எல்லாவற்றின் மேலும் பெருக்கல் குறி. முதலில் ஒன்றைத் தள்ளுவண்டியில் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தோணிசாமி இடது கையால் சுட்டிச் சுட்டிச் சொல்ல, கண்ணாயிரம் திருகாணிகளைக் கழற்றினார். முதல் மூடிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. செம்புப் பட்டை தெரிந்ததும் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ரப்பர் விரல்கள் வெறும் பையைத் தொட்டுவிட்டுத் திரும்பின. அந்தோணிசாமி மீட்டரை அவர் பக்கம் நகர்த்தினார்.

கண்ணாயிரம் செல் வரிசையின் இரண்டு முனைகளிலும் அதை வைத்தார்.

"எவ்வளவு?"

"அம்பத்தொண்ணு புள்ளி ஏழு."

"எழுதுங்க."

"எங்க?"

"அதுமேலதான். வேற எங்க?"

கண்ணாயிரம் கழற்றி வைத்த மூடியைத் திருப்பிப்போட்டு, தன் பெருக்கல் குறிக்குக் கீழே சாக்பீஸால் எண்ணை எழுதினார். கையுறையோடு எழுதியதால் எழுத்து கோணலாக வந்தது. நான் புது நோட்டில் முதல் வரியாக அதைக் குறித்துக்கொண்டேன். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. முற்றத்தில் இன்னும் முப்பத்தெட்டு இருந்தன.